ஆரத்தித் தட்டுக்குப் போன கரைசல்

வீட்டிலிருக்கும் பொருள்களைக் கொண்டு அறிவியல் சோதனை செய்வது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் என் தலையில் விழுந்தது. மூன்று நாள் பயிற்சி, நாற்பது ஆசிரியர்கள், கருத்தாளர் நான். கருத்தாளர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் உட்கார்ந்துகொண்டே தூங்கலாம், கருத்தாளர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். வேறு வித்தியாசம் எனக்குத் தெரிந்து இல்லை. நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பணியில் சேர்ந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் எனக்கே சென்னையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏசி போட்ட அறை. உடம்பு சில்லிட்டுப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழவழப்பான தாளில் அச்சடித்த கட்டகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சிப் புத்தகத்துக்கு எங்கள் துறையில் கட்டகம் என்று பெயர். அதன் முதல் பக்கத்தில் 'வீட்டில் எளிதில் கிடைக்கும் பொருள்கள்' என்று ஒரு பட்டியல். முதலிடத்தில் சிவப்பு முட்டைக்கோஸ். அதன் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்தால் ஒரு நிறம் வரும், சோப்புத் தண்ணீர் விட்டால் வேறு நிறம் வரும். அதை வைத்து எது அமிலம், எது காரம் என்று பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாமாம். இந்தப் பட்டியலைப் போட்டவர் எந்த ஊரில் எந்த வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தார் என்று எழுந்து கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மதியச் சாப்பாடு வேறு நன்றாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி முட்டைக்கோஸ் தேடினேன். நெல்லும் உளுந்தும் வாழையும் விளைகிற ஊரில் கடைத்தெரு முழுக்க அலைந்தேன். எங்களுக்கு வழக்கமாகக் காய்கறி போடும் கடைக்காரர் நான் கேட்டதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"செவப்பு முட்டைக்கோஸா? கறுத்துப்போனது ரெண்டு கெடக்கு மேடம். பள்ளிக்கூடத்துக்குன்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

கடைசியில் என் கணவர் தஞ்சாவூருக்குப் போய், ஒரு பெரிய கடையில் குளிர்பெட்டிக்குள் இருந்த ஒன்றே ஒன்றை வாங்கிவந்தார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்தில் இருந்தவர் அது என்ன பழம் என்று கேட்டாராம்.

பயிற்சி எங்கள் ஊருக்கு அருகே ஒரு பள்ளியின் கூடத்தில் நடந்தது. மேடையில் பெரிய பேனர். அதில் 'ஏன்? எதற்கு? எப்படி? கேட்போம், அறிவோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆசிரியர்களைக் காவிரி, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று நான்கு குழுவாகப் பிரித்தோம். அந்தக் கோடையில் அந்த நாலு ஆற்றிலும் எவ்வளவு தண்ணீர் ஓடியதோ அவ்வளவு உற்சாகம்தான் அந்த நாலு குழுவிலும் ஓடியது. பாமணியாறு குழு கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டு செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோரையாறு குழுவில் ஒரு ஆசிரியர், கடையில் 'வீட்டுச் சோதனைப் பெட்டி' என்று விற்றதை வாங்கிவந்து மேசைமேல் வைத்திருந்தார். வீட்டில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கடையில் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த்தானே செய்யப்போகிறேன் என்றார்.

முட்டைக்கோஸை வெளியே எடுத்ததும் எல்லோரும் எழுந்து முன்னால் வந்தார்கள். அடடா, ஆர்வம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். வரிசையாக நின்று அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெட்டிச் சாறு எடுப்பதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் வெண்ணாறு குழுவிலிருந்து ஒரு டீச்சர் கையைத் தூக்கினார். வெண்ணாற்றங்கரையில் ஒரு சிறிய கிராமத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவர். நாற்பது வயதிருக்கும். கணவர் மாரடைப்பில் போய் இரண்டு வருடம். ஸ்கூட்டரில் வருவார், நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு, குரலில் அவசரமே இருக்காது.

"மேடம், முட்டைக்கோஸ் ஒன்னு. நாங்க நாப்பது பேரு. பிள்ளைங்க வீட்ல போயி நாங்க என்னத்தச் சொல்றது? எங்க ஊருல சங்குப்பூ வேலி பூராவும் கெடக்கு. அதுல செஞ்சா இதவிட நல்லா மாறும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கொண்டுவாருங்கள் டீச்சர், பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "கட்டகத்துல சங்குப்பூ இல்லையே டீச்சர்." ஏசி அறையில் எழுந்து கேட்கப் பயந்த அதே வாய்தான் இப்படிச் சொன்னது.

அவர் மறுநாள் ஒரு கூடையோடு வந்தார். சங்குப்பூ, செம்பருத்தி, மஞ்சள், புளி, அடுப்புச் சாம்பல், வடிகஞ்சி, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கோழிமுட்டை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலமாக்கினார். எலுமிச்சை விட்டதும் அது ஊதாவாகிப் பிறகு ரோஜா நிறமானது. சுண்ணாம்புத் தண்ணீர் விட்டதும் பச்சையானது. பாமணியாறு குழு செல்பேசியைக் கீழே வைத்தது. உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, தன் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் விதைநெல் தெரிந்தெடுக்க இப்படித்தான் உப்புக் கரைக்கிறார்கள், முட்டை மிதக்கிற பதம் வந்ததும் நெல்லைக் கொட்டிப் பதரை அரித்துவிடுகிறார்கள் என்று சொன்னார். அடர்த்தி என்று ஏழாம் வகுப்புக்கு நான் இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போடுவதை அந்தப் பெண்கள் வயலுக்குப் போகுமுன் செய்துமுடித்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

இடைவேளையில் அவர் ஒரு நீளமான நோட்டைக் காட்டினார். இப்படிப்பட்ட சோதனைகளாக அதில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பிள்ளைகள் வீட்டுக்கே போய்ச் செய்து பார்த்த பிறகு எழுதியது.

"அவரு போனப்பறம் வீட்ல உக்கார முடியல மேடம். சாயங்காலமானா ஒவ்வொரு பிள்ளை வீடா போயிருவேன். இந்த நோட்டு இல்லன்னா நான் என்னாகியிருப்பேனோ தெரியல. இது எப்படியாவது அச்சுல வந்துரணும்."

அச்சில் வர ஒரு வழி இருந்தது. மூன்றாம் நாள் பயிற்சியைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு கையேடு போடலாமா என்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார். அவர் முன்னால் இந்த டீச்சருக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டால் போதும், நோட்டு அச்சுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. பயிற்சிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் வேதியியலில் முதுகலை படித்தவர், நல்ல மனிதர், யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவர். இப்படிப்பட்ட நல்ல மனிதர்களால்தான் எங்கள் துறையில் பாதிக் கெடுதல் நடக்கிறது. "தாராளமாக் கொடுங்க மேடம்" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வரவேற்புக்கான ஆலோசனை. மூன்று நாள் பயிற்சியில் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த ஒரே அமர்வு அதுதான். பொன்னாடை யார் போர்த்துவது, பூங்கொத்தா மாலையா, வாசலில் கோலம் யார் போடுவது, காபியா இளநீரா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கார் வந்து நின்றதும் இரண்டு பெண் ஆசிரியர்கள் ஆரத்தி எடுப்பது என்று முடிவானது. கருத்தாளர் என்பதால் நான் ஒருத்தி. அந்த வருடம்தான் கல்யாணமான, காவிரிக் குழுவின் இளம் டீச்சர் இன்னொருத்தி.

எல்லோரும் கிளம்பும்போது பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்த வெண்ணாத்து டீச்சர்... நாளைக்கு வாசல்ல வந்து நிக்க வேணாம். பெரியவங்க வர்ற நேரம். நான் ஒன்னும் பாக்கறவன் இல்ல, நாலு பேரு பேசுவாங்க. நீங்க பக்குவமா சொல்லிடுங்க."

ஒரு மோசமான காரியத்தை அடுத்தவர் கையில் கொடுக்கும்போது அதன்மேல் பக்குவமாக என்ற வார்த்தையைப் போர்த்திக் கொடுப்பது எங்களுக்குப் பழக்கம். நானாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் படித்தது என்ன சார் என்று கேட்டிருக்கலாம். அவர் பதவி ஒன்றும் பெரிதில்லை, என் சம்பளத்தில் யாரும் கை வைக்கப்போவதில்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்த டீச்சரிடம் போய், பக்குவமாகச் சொன்னேன்.

"நாளைக்கு அதிகாரி வரும்போது நீங்க டேபிள் கிட்டவே இருங்க டீச்சர். எல்லாத்தையும் எடுத்து வைக்கணும்ல."

"வாசலுக்கு வர வேணாங்கறீங்க. அதானே மேடம்?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல டீச்சர்..."

"சரிங்க மேடம்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் எரிச்சலாக வருகிறது.

மூன்றாம் நாள் காலையில் அந்த டீச்சர் எல்லோருக்கும் முன்பே வந்து மேடைக்குக் கீழே தன் மேசையை அடுக்கிவிட்டார். வெந்நீர் வேண்டும் என்பதால் சங்குப்பூவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அதிகாரிக்குக் காட்டப்போவது அதைவிட எளிமையான சோதனை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர். இன்னொரு கிண்ணத்தில் அதே மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தது; செக்கச்செவேலென்று இருந்தது. பக்கத்தில் அறுத்து வைத்த எலுமிச்சை. சிவந்த தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் அது மறுபடி மஞ்சளாகும். எந்த வீட்டிலும் இல்லாத பொருள் ஒன்றுகூட இதில் இல்லை. கொண்டுவந்த சுண்ணாம்பு முழுவதையும் போட்டு, நல்ல நிறம் வரும்வரை கலக்கி வைத்திருந்தார்.

ஒன்பதரைக்கு வர வேண்டிய அதிகாரி பத்தரைக்கும் வரவில்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கார் நிற்பதாக ஓட்டுநர் போன் செய்தார். எங்கள் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. கேட் சாத்தியிருந்த நேரத்தில் ஒரு முழுப் பாடமே நடத்தியிருக்கலாம். நாங்கள் நாற்பது பேரும் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு கேட் திறந்ததா என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தோம். அந்த டீச்சர் மட்டும் உள்ளே, நிழலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் நானும் இளம் டீச்சரும் ஆரத்தி கரைக்க உட்கார்ந்தோம். தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்தாயிற்று. இளம் டீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் சுண்ணாம்பு கொண்டுவந்திருந்தார். அதை நுணுக்கிப் போட்டோம். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டோம். மஞ்சள்தான். டப்பாவைக் கவிழ்த்தே போட்டோம். சந்தனம் கரைத்தது மாதிரி கட்டிக் கட்டியாக மிதந்ததே தவிர சிவக்கவில்லை. பல மாதமாகத் திறந்தே கிடந்து காற்றுப் பட்டு இறுகிப்போன சுண்ணாம்பு அது. இறுகியபின் அதில் காரம் இருக்காது, மஞ்சளைச் சிவக்கவைக்காது. ஏன் என்று எட்டாம் வகுப்பில் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"மஞ்சளாவே இருக்கே மேடம். இதயே எடுத்துரலாமா?" என்றார் இளம் டீச்சர். ஆரத்தி சிவக்காவிட்டால் அபசகுனம் என்று அவர் மாமியார் சொல்லியிருக்கிறாராம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட் திறந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஐந்து நிமிடத்தில் கார் வந்துவிடும். பொறுப்பாளர் ஓடிவந்து தாம்பாளத்தைப் பார்த்தார். வியர்த்துக்கொட்டியது. சுற்றிலும் பார்த்தார். நேரே கூடத்துக்குள் போனார். மேசைமேலிருந்த சிவப்புக் கிண்ணத்தைக் கையிலெடுத்தார்.

"சார், அது டெமோவுக்கு வச்சது" என்று டீச்சர் எழுந்தார்.

"இருக்கட்டும் டீச்சர், செவப்பா இருக்குல்ல, அது போதும்."

தாம்பாளத்திலிருந்த மஞ்சள் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, கிண்ணத்தில் இருந்ததை அதில் ஊற்றினார். வெற்றிலையில் சூடம் வைத்து நான் கொளுத்தினேன். அதை யார் கரைத்தது என்று எனக்குத் தெரியும். எதற்காகக் கரைத்தது என்றும் தெரியும். கார் வந்து நின்றது. வாசலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லியனுப்பியவர் கரைத்த தண்ணீரை மூன்று முறை சுற்றி, அதைத் தொட்டு, அதிகாரியின் நெற்றியில் என் விரலாலேயே இட்டேன். மீதியை இளம் டீச்சர் வாசலில் கொட்டினார்.

அதிகாரி சிரித்த முகமாக இருந்தார். காரில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படியே வேளாங்கண்ணிக்குப் போக வேண்டுமாம், கேட்டில் ஒரு மணி நேரம் போய்விட்டது, சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்றார். பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் இருபது நிமிடம் போனது. அதையெல்லாம் யாரும் சுருக்கவில்லை. பத்து நிமிட சோதனை மூன்று நிமிடமாகச் சுருங்கியது.

பொறுப்பாளர் மைக்கில் டீச்சரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் காலியான கிண்ணத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன், முகம் வெளுத்தது. மஞ்சள் தண்ணீர் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, நடுவில் இருக்க வேண்டியது வாசல் மண்ணில் கிடக்கிறது. அந்த நோட்டு போயிற்று, இரண்டு வருடமாக ஒரு மனுஷி வீடு வீடாக அலைந்து எழுதியதை ஒரு தாம்பாளத்துக்காகக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

டீச்சர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். அவர் நெற்றியைப் பார்த்தார்.

"சார், மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா சிவக்கும். இது எல்லா வீட்லயும் நடக்கறதுதான். சிவந்தது மறுபடி மஞ்சளாகுமான்னு இப்ப காட்டணும். என்னோட கரைசல் உங்க நெத்தியில இருக்குங்க சார். தப்பா எடுத்துக்கலன்னா..."

எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சை அவர் கையில் கொடுத்தார். கூடையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்தார். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு பஞ்சால் பொட்டின்மேல் ஒற்றினார். எங்கள் கண்ணெதிரே நெற்றியிலிருந்த சிவப்பு மஞ்சளாக மாறியது.

அதிகாரி கண்ணாடியைத் தானே வாங்கிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மூன்று நாளில் மனதாரத் தட்டியது அப்போதுதான்.

"பிரமாதம்மா. இதுதான் வீட்டுச் சோதனை. ஆரத்தி கரைச்சது நீங்களா?"

"ஆமாங்க சார்."

கைதட்டல் சட்டென்று நின்றது. முன் வரிசையிலிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் மைக்கின் கம்பியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அதிகாரி வெளியூர்க்காரர், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வாசல்ல உங்களைப் பாத்த ஞாபகம் இல்லையே?"

"நான் உள்ள இருந்தேங்க சார்."

"ஏன்?"

அவருக்குப் பின்னால் பேனரில் அதே வார்த்தை பெரிதாக இருந்தது. மூன்று நாளாக அந்த வார்த்தையைப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்க வைப்பது என்றுதான் நாற்பது பேருக்கும் நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருவர் உண்மையாகவே கேட்டதும் நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை, வகுப்பில் ஒரு பிள்ளையைப் பதில் சொல்லச் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

"மேடம்தான் உள்ள இருக்கச் சொன்னாங்க. அவங்களைக் கேளுங்க சார்."

"டேபிள்ல எல்லாம் எடுத்து வைக்க வேண்டியிருந்துச்சு சார்" என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே இன்றுவரை ஆச்சரியம்.

"ஓ, சரி சரி" என்றார் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கையேட்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்தம்மா எழுதட்டும், மேடம் சரிபார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, மஞ்சள் நெற்றியோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்.

மதியச் சாப்பாட்டில் நடந்த விவாதத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நாற்பது பேரும் பட்டதாரிகள். இப்படியாகிவிட்டதே, அதிகாரிக்கு ஏதாவது ஆகுமா என்பது கேள்வி. மஞ்சள் மங்கலப் பொருள், யார் கரைத்தாலும் தோஷமில்லை என்று ஒரு கட்சி. எடுத்தது சுமங்கலிகள்தானே, கரைத்தது கணக்கில் வராது என்று ஒரு கட்சி. நல்லவேளையாக எலுமிச்சை பட்டது, எலுமிச்சை பட்டால் எல்லாம் கழிந்துவிடும் என்றார் வீட்டுச் சோதனைப் பெட்டி வாங்கிய ஆசிரியர். இளம் டீச்சர் மட்டும் வாழை இலையைப் பார்த்தபடி, "அவங்க கரைக்கலன்னா நமக்கு செவந்தே இருக்காது மேடம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பொறுப்பாளர் சாப்பிடக்கூட இல்லை. தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் அதிகாரியின் ஓட்டுநருக்கு இரண்டு முறை போன் செய்து, வேளாங்கண்ணிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று விசாரித்தார். அதற்கடுத்த வருடத்திலிருந்து எங்கள் பயிற்சிகளில் ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைப்பதில்லை. கடையில் விற்கும் சிவப்புச் சாயப்பொடியைக் கரைக்கிறார்கள். அது எலுமிச்சைக்கெல்லாம் மாறாது. அந்தச் சோதனையிலிருந்து பயிற்சிகளை நடத்தும் எங்கள் வட்டார வள மையம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் நோட்டைச் சுத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு என் பள்ளிக்கு வந்தார். ஒவ்வொரு சோதனைக்கும் கீழே பிள்ளைகளுக்குக் கேள்விகள், அதற்குப் பக்கத்தில் ஆசிரியருக்கான விடை. மஞ்சள் சோதனைக்கு இரண்டு கேள்வி வைத்திருந்தார். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்பது முதலாவது. விடை நான்கு வரி. இரண்டாவது கேள்வி: 'உங்கள் வீட்டில் ஆரத்தி எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? யாரைக் கூப்பிட மாட்டார்கள்? ஏன்?' அதற்கு விடை எழுதவில்லை. இடம் மட்டும் விட்டிருந்தார்.

"டீச்சர், அன்னைக்கு நான் பண்ணது..." என்று ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேணாம் மேடம். அந்த ரெண்டாவதுக்கு மட்டும் விடை எழுதிடுங்க. அது எனக்குத் தெரியல. அதிகாரி கேட்டப்ப நீங்கதான் சொன்னீங்க."

எழுத உட்கார்ந்தேன். ஊர் வழக்கம் என்று எழுதி அடித்தேன். மூடநம்பிக்கை என்று எழுதினேன். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கித்தரும் வார்த்தை. எழுதுகிறவர் தப்பித்துக்கொள்ளவும் வசதியானது. அதையும் அடித்தேன். பயம் என்று எழுதினேன். யாருக்கு, எதற்கு என்று எனக்குள்ளேயே கேட்டபோது என் பெயர் வந்து நின்றது. கடைசியில் காலியாகவே விட்டு அனுப்பினேன். மேலே இருக்கிறவர்கள் படித்திருந்தால் அந்தக் கேள்வியை எடுத்திருப்பார்கள். அவர்கள் படிக்கவில்லை, அதனால் அச்சாகிவிட்டது. டீச்சரின் பெயர் முதல் பக்கத்தில் நல்ல எழுத்தில் வந்திருக்கிறது.

கையேடு பள்ளிகளுக்குப் போனதும் எனக்குப் போன் வர ஆரம்பித்தது. பிள்ளைகள் அந்தச் சோதனையைச் செய்தார்களா, எந்த நிறம் வந்தது என்று யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே குறை.

"மேடம், மஞ்சள் பாடத்துல ரெண்டாவது கேள்விக்கு விடை விட்டுப்போச்சுங்க. அச்சுல தப்பா?"

"விட்டுப்போகல சார். அது வீட்ல செஞ்சு பாக்க வேண்டியது. செஞ்சு பாத்துட்டுக் கூப்பிடுங்க."

இதுவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர்களைக் கேலி செய்ய எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது, ஆனால் அந்த யோக்கியதை எனக்கு இன்னும் வரவில்லை. வருகிற தை மாதம் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது ஆரத்தி எடுக்க இரண்டு பேர் யாரென்று என் மாமியார் எழுதித் தரச் சொன்னார். அந்த டீச்சரின் பெயரை முதலில் எழுதினேன். அந்தச் சீட்டு மூன்று வாரமாக என் கைப்பையில் இருக்கிறது. மாமியாரிடம் இன்னும் கொடுக்கவில்லை.